நைட்ரைட்டோ சேர்மம் மஞ்சளாவது ஏன்?

சால்மன் நிறத்தில் வடிகட்டிய பென்டாஅம்மைன்நைட்ரைட்டோகோபால்ட் குளோரைடு என்ற கோபால்ட் அணைவுச் சேர்மம் சில நாளில் மஞ்சளாகிறதே, தயாரிப்பில் பிழையா என்கிறீர்கள். பிழையில்லை. நைட்ரைட் கோபால்ட்டுடன் இணையும் ஆக்சிஜன் வழிக் கட்டு (நைட்ரைட்டோ), நிலைத்தன்மை மிகுந்த நைட்ரஜன் வழிக் கட்டாக, அதாவது நைட்ரோவாக, தானே மாறும். சென்னையின் மே வெயிலில் இன்னும் வேகமாக.

தயாரிக்கும்போது, தொடக்கப் பொருளான குளோரோ சேர்மத்தைச் (நைட்ரைட்டின் இடத்தில் குளோரின் உள்ளது) சூடான நீர்த்த அம்மோனியாவில் கரைத்து, ஆறவைத்து, லிட்மஸ் நடுநிலை காட்டும்வரை ஹைட்ரோகுளோரிக் அமிலம் சொட்டுங்கள். சோடியம் நைட்ரைட்டும் பிறகு கொஞ்சம் அமிலமும் ஐஸ் குளியலில்தான். படிகத்தை ஓவனில் உலர்த்தவே கூடாது. எந்த வடிவம் என்று அறிய அன்றே ஐஆர் (அகச்சிவப்பு நிறமாலை) எடுங்கள்.

நைட்ரைட்டோவுக்கு 1060 செ.மீ⁻¹ அருகிலும் நைட்ரோவுக்கு 825 அருகிலும் உறிஞ்சும் பட்டையைப் பாருங்கள். நைட்ரோவின் 1315 பட்டையை நம்பாதீர்கள், அங்கே அம்மோனியாவும் உறிஞ்சும். மாதிரியைக் குழைக்கும் நுஜோல் எண்ணெய் வேண்டாம், அதன் 1460 பட்டை நைட்ரைட்டோவின் 1465-ஐ விழுங்கிவிடும். பதிலாக மாதிரியைப் பொட்டாசியம் புரோமைடுடன் அரைத்து வில்லையாக அழுத்துங்கள்; அந்தப் புரோமைடை மட்டும் முன்பே 110 டிகிரியில் உலர்த்தி டெசிகேட்டரில் (ஈரம் புகாத கலன்) வையுங்கள். கடலோர ஈரத்தில் வில்லை நொடியில் மங்கிவிடும்.