மாமுட் சுரங்கம்: கேள்வி-பதில்

கேள்வி: மலேசியாவின் சபா மாநிலத்தில் இருந்த மாமுட், தங்கச் சுரங்கமா செம்புச் சுரங்கமா? (ஈப்போ வாசகர்)

செம்புதான். ஒரு டன் கல்லை அரைத்தால் ஐந்து கிலோ செம்பு, அரை கிராம் தங்கம், அவ்வளவே. ஆனாலும் 1975 முதல் 1999 வரை தோண்டியதில் 6 லட்சம் டன் செம்பு, 45 டன் தங்கம், 300 டன்னுக்குக் கொஞ்சம் குறைவாக வெள்ளி வந்தது.

கேள்வி: பாதுகாக்கப்பட்ட காடான கினபாலு பூங்காவுக்குப் பக்கத்தில் சுரங்கத்தை எப்படி அனுமதித்தார்கள்?

பக்கத்தில் இல்லை, அது பூங்காவாகவே இருந்த காடு. 1964-ல் பூங்கா அமைத்தார்கள், தாது இருப்பது தெரிந்ததும் அந்தத் துண்டை மட்டும் எல்லையிலிருந்து நீக்கிவிட்டார்கள்.

கேள்வி: இணைத்துள்ள கல் தங்கமா?

மூன்று படம் அனுப்பியிருக்கிறீர்கள், எங்கே எடுத்த கல் என்று ஒரு வார்த்தை இல்லை. எத்தனை முறை சொல்வது, படத்தைப் பார்த்துக் கல்லைச் சொல்ல முடியாது. டைல்ஸின் பின்பக்கத்தில் தேய்த்துப் பாருங்கள். கோடு கருப்பாக விழுந்தால் தங்கம் இல்லை, தங்கம் மஞ்சளாகத்தான் இழுக்கும். கருப்புக் கோடு விழுந்த கல்லைக் கத்தியால் கீறுங்கள்: கீறல் விழுந்தால் சால்கோபைரைட் என்ற செம்புத் தாதுவாக இருக்கலாம், விழாவிட்டால் பைரைட்டாக இருக்கலாம், அது இரும்பும் கந்தகமும் சேர்ந்த, தங்கம் போல் மின்னும் கல்.

கேள்வி: 1999-லேயே மூடிவிட்டார்கள், இன்னும் ஏன் அதைப் பற்றியே எழுதுகிறீர்கள்?

மூடியது வேலையைத்தான், குழியை இல்லை. இதைச் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது, இருந்தாலும் சொல்கிறேன். அந்த மலைக்குள் பைரைட் புதைந்து கிடந்தவரை ஒரு தொந்தரவும் இல்லை. வெடி வைத்து உடைத்ததும் காற்றும் மழையும் உள்ளே போய்விட்டன, பைரைட் துருப்பிடித்துக் கந்தக அமிலமாகிறது, நுண்ணுயிர்கள் அதை இன்னும் வேகப்படுத்துகின்றன, அந்த அமிலம் பாறையில் மிச்சமிருக்கும் செம்பையும் கரைத்துக்கொண்டு கீழே இறங்குகிறது. குழியில் தேங்கிய ஏரியின் பி.எச். (அமிலத்தன்மையின் அளவு, 7-க்குக் கீழே போகப் போக அமிலம் கூடும்) 3 பக்கம், கிட்டத்தட்ட வினிகர். இப்படி அமிலம் வழியும் ஓடையைப் பக்கத்தில் போய்ப் பாருங்கள்: தண்ணீர் கண்ணாடி மாதிரி தெளிவாக இருக்கும், அடியில் கற்கள் மட்டும் காவி பூசினது போல் வழவழவென்று இருக்கும், ஒரு மீன் இருக்காது. மீனின் செவுளுக்குத் துளி செம்பே நஞ்சு. சுண்ணாம்பு போட்டால் அமிலம் அடங்கும், ஆனால் கல்லில் பைரைட் தீரும்வரை போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். அதற்கான பணத்தைத் தோண்டும்போதே ஒதுக்கி வைக்க வேண்டும் என்பதுதான் என் ஓயாத புலம்பல்.

கேள்வி: அந்த ஓடை நீரைக் கொதிக்க வைத்துக் குடிக்கலாமா?

கூடாது. கொதித்தால் கிருமி சாகும், செம்பு போகாது.

கேள்வி: ஏரி நீலமாக அழகாக இருக்கிறதே, இறங்கிக் குளிக்கலாமா?

மறுபடியும் சொல்கிறேன், தெளிவைப் பார்த்துத் தண்ணீரை நம்பாதீர்கள். குளிக்கத்தான் ஆசை என்றால் சபாவின் ரானாவ் ஊருக்குப் பக்கத்தில் போரிங் வெந்நீர் ஊற்று இருக்கிறது, அங்கே போங்கள்.