பீரோவுக்கு அடியில் ஐந்து நாள்

கேள்வி: காப்பகத்திலிருந்து ஒன்றரை வயதுப் பெண் பூச்சை (பூனை) ஒன்றைத் தத்தெடுத்து ஐந்து நாள் ஆகிறது. பகல் முழுக்க பீரோவுக்கு அடியிலேயே கிடக்கிறது. ராத்திரி மட்டும் வந்து கொஞ்சம் தின்கிறது. பாலும் சாளை மீன் கறியும் வைத்தோம், வயிறு இளகிவிட்டது. எங்களுடையது ஓட்டு வீடு. திருப்பிக் கொடுத்துவிடலாமா?
- ஒரு வாசகி, தக்கலை

பதில்: அவசரப்படாதீர்கள். வளர்ந்த பூச்சை புது வீட்டை மோந்து பார்த்துப் பழக இரண்டு வாரம்கூட ஆகும். துடைப்பக் கம்பை விட்டுக் கிளப்பினால் மறுபடி முதலிலிருந்துதான். ராத்திரி தின்கிறதே, அது போதும். தொடர்ந்து ஒரு நாள் எதையுமே தொடாவிட்டால் கால்நடை மருத்துவரிடம் கொண்டு போங்கள். பட்டினி நீண்டால் உடம்புக் கொழுப்பு ஈரலில் போய்ச் சேரும். கொழுத்த பூச்சைக்கு இந்த ஆபத்து இன்னும் அதிகம்.

இப்போதைக்கு அந்த ஒரு அறை மட்டும் அதற்கு. அட்டைப்பெட்டியைப் படுக்கை வாக்கில் சாய்த்து, காப்பகத்தில் அது படுத்த துணி கிடைத்தால் உள்ளே விரியுங்கள். அகலமான பிளாஸ்டிக் தட்டில் 2 அங்குலம் மணல் நிரப்பி, சாப்பாட்டுத் தட்டுக்கு எதிர் மூலையில் வையுங்கள். பக்கத்தில் வைத்தால் இரண்டையுமே தொடாமல் போகலாம். நம்மூரில் ஆனியிலும் மழை, ஐப்பசியிலும் மழை. ஈர மணலில் பல பூச்சைகள் கால் வைக்காது, கட்டிலுக்கு அடியைத் தேடும். காய்ந்த மணலை ஒரு சாக்கில் கட்டி வைத்துக்கொள்ளுங்கள்.

ஓட்டு வீடு என்பதால் இன்னொன்று. பயந்த பூச்சை மேலே ஏறித்தான் தப்பப் பார்க்கும். சுவருக்கும் ஓட்டுக்கும் நடுவே உள்ள சந்தையும், மச்சுக்கு ஏறும் வழியையும் கம்பிவலையால் அடையுங்கள். கிணறு இருந்தால் அதற்கும் வலை போடுங்கள்.

வயிறு இளகியதற்குப் பால்தான் காரணமாக இருக்கும். வளர்ந்த பூச்சைகள் பலவற்றுக்குப் பாலிலுள்ள சர்க்கரை செரிக்காது, தண்ணீர் போதும். கறியில் போட்ட உள்ளியும் (வெங்காயம்) பூண்டும் அதன் ரத்தச் சிவப்பணுக்களையே உடைக்கும். சாளை, நெத்தோலியைப் பச்சையாகவும் போடாதீர்கள். அவற்றிலுள்ள ஒரு நொதி பி1 வைட்டமினை அழித்துவிடும், நன்றாக வேகவைத்தால் அந்த நொதி போய்விடும். உப்பு, மிளகாய் சேர்க்காமல் அவித்து, முள் எடுத்து, வாரத்தில் இரண்டு நாள் கொடுங்கள். மற்ற நாளெல்லாம் காப்பகத்தில் தின்ற அதே தீனி. மாற்றுவதானால் முக்கால் பங்கு பழையது, கால் பங்கு புதியது என்று தொடங்கி ஒரு வாரத்தில் மாற்றுங்கள். பாலை நிறுத்தி இரண்டு நாளாகியும் வயிறு கட்டாவிட்டால் மலத்தைப் பரிசோதிக்கச் சொல்லுங்கள், புழுவாக இருக்கலாம்.

காப்பகம் தந்த அட்டையில் முத்தடுப்பூசி, ரேபிஸ் ஊசி, புழு மருந்து, கருத்தடை நான்குக்கும் தேதி இருக்கிறதா என்று பாருங்கள். கருத்தடை ஆகவில்லை என்றால் பழகியதும் முதல் வேலை அதுதான்; இணை சேர்ந்துவிட்டால் சுமார் 65 நாளில் குட்டி போட்டுவிடும்.

உடம்பில் தெள்ளுப்பூச்சி தென்பட்டால் நாய்க்கு வாங்கிய சொட்டு மருந்தை இதற்கு விடாதீர்கள். அவற்றில் சிலவற்றில் இருக்கும் பெர்மெத்ரின், பூச்சைக்கு வலிப்பு வரவைத்துக் கொன்றுவிடும்.