மருந்தாளர் பதில்கள்: அட்டையின் பின்பக்கத்தைப் படியுங்கள்

கேள்வி: மூன்று நாட்களாகக் காய்ச்சலும் சளியும். காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் 650 நான்கு வேளை, சளி மாத்திரை மூன்று வேளை, இரவில் வெந்நீரில் கரைத்துக் குடிக்கும் சளிப் பவுடர் ஒரு பொட்டலம் எடுத்துக்கொள்கிறேன். மூன்றும் வேறு வேறு மருந்துகள்தானே? நேற்றிலிருந்து குமட்டுகிறது. சளி வயிற்றில் இறங்கியிருக்குமோ? (ஒரு வாசகி)

பதில்: இந்த மின்னஞ்சலை இதழ் வரும்வரை வைத்திருக்க மனம் ஒப்பவில்லை. அடியில் எண் இருந்தது, அழைத்துவிட்டேன். "மூன்றையும் எடுத்துவந்து பின்பக்கத்தில் இருப்பதைப் படியுங்கள்" என்றேன். சளி மாத்திரை அட்டையைக் கத்தரிக்கோலால் நறுக்கி வைத்திருந்ததால் பாதிப் பெயர் போய்விட்டது. இன்னொரு துண்டைத் தேடி எடுத்து எழுத்துக்கூட்டிப் படித்தார்: பாராசிட்டமால் 500, ஃபினைல்எஃப்ரின் 10, குளோர்ஃபெனிரமைன் 2, காஃபின் 30. பவுடரில் "அசிட்டமினோஃபென் 650" என்று இருந்தது. "இது வேறு ஏதோ" என்றார். வேறு இல்லை. பாராசிட்டமாலுக்கு இன்னொரு பெயர்தான் அசிட்டமினோஃபென்.

கணக்குப் போட்டோம். 650 நான்கு வேளைக்கு 2,600. 500 மூன்று வேளைக்கு 1,500. பவுடரில் 650. மொத்தம் 4,750 மில்லிகிராம். நல்ல உடல்நிலையில் உள்ள பெரியவருக்கே 24 மணி நேரத்தில் 4,000-தான் எல்லை. எடை குறைந்தவர்கள், சரியாகச் சாப்பிடாதவர்கள், மது அருந்துபவர்கள், கல்லீரல் நோய் உள்ளவர்கள் அந்த எல்லைக்கு வெகு முன்பே நின்றுவிட வேண்டும். இவர் காய்ச்சலில் மூன்று நாளாகக் கஞ்சிகூட இறங்காமல் படுத்திருந்தவர்.

பாராசிட்டமாலைக் கல்லீரல் உடைக்கும்போது கொஞ்சம் நச்சுப்பொருளும் உண்டாகிறது. அதைச் செயலிழக்கச் செய்யக் குளுட்டத்தயோன் என்ற சரக்கு கல்லீரலிலேயே இருப்பில் உண்டு. அளவு மீறினால் சரக்கு தீர்ந்து, நச்சு கல்லீரலையே அரிக்கும். இதில் வஞ்சகம் என்னவென்றால், முதல் நாள் குமட்டலோடு போய்விடும், சிலருக்கு அதுவும் இருக்காது. மஞ்சள் காமாலை தலைகாட்ட இரண்டு மூன்று நாளாகும். இந்த நச்சை முறிக்கும் மருந்தான அசிட்டைல்சிஸ்டைனோ, ஒரேயடியாக அளவு மீறியவர்களுக்கு முதல் எட்டு மணி நேரத்துக்குள் கொடுத்தால்தான் மிக நன்றாக வேலை செய்கிறது. ஆகவே "பார்க்கலாம்" என்று படுத்திருக்கக் கூடாது. வாசகியை அன்றே மருத்துவமனைக்கு அனுப்பினேன். ரத்தப் பரிசோதனையில் கல்லீரல் தப்பியிருந்தது.

கேள்வி: எனக்கு மூக்கடைப்பு மட்டும்தான். சளி மாத்திரை போதுமா?

பதில்: போதுமா என்று கேட்கிறீர்கள். என்னைக் கேட்டால் அது உங்களுக்கு அதிகம். காய்ச்சல் இல்லாதவருக்குப் பாராசிட்டமால் எதற்கு? மூக்கு ஒழுகாதவருக்குத் தூக்கம் வரவழைக்கும் குளோர்ஃபெனிரமைன் எதற்கு? உங்கள் அடைப்புக்கென்று அதில் இருப்பது ஃபினைல்எஃப்ரின். அதை வாய்வழியாகச் சாப்பிட்டால் மூக்கடைப்பு குறைவதற்கு ஆதாரம் இல்லை என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகத்தின் ஆலோசனைக் குழு 2023 செப்டம்பரில் ஒருமனதாகச் சொல்லிவிட்டது. பெரும்பகுதி குடலிலும் கல்லீரலிலுமே சிதைந்துபோகிறது, மூக்குவரை வந்து சேர்வது சொற்பம். இத்தனை ஆண்டுகள் இதை எடுத்துக் கொடுத்தவன் என்ற முறையில் எனக்கும் இது கசப்பான செய்திதான்.

உப்புநீர்ச் சொட்டு போட்டுப் பாருங்கள். அடைப்பை நீக்கும் சைலோமெட்டாசோலின், ஆக்சிமெட்டாசோலின் சொட்டுகள் நன்றாகவே கேட்கும். ஆனால் மூன்று முதல் ஐந்து நாளோடு நிறுத்திவிடுங்கள். நீட்டித்தால் மருந்து தீரும்போதெல்லாம் முன்பைவிட மோசமாக அடைக்கும், பாட்டிலை விட முடியாது.

கேள்வி: அப்பாவுக்கு 70 வயது. பிரஷரும் பிராஸ்டேட் வீக்கமும் உண்டு. தும்மலுக்கு என் சளி மாத்திரையையே கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். நான் கொடுத்திருக்கிறேன், அதனால்தான் சொல்கிறேன்.

என் தந்தைக்கு அப்போது 74. ஓயாமல் தும்மிக்கொண்டிருந்தார். என் சட்டைப்பையில் இருந்த அட்டையிலிருந்து காலையில் ஒன்று, இரவில் ஒன்று கொடுத்தேன். தும்மல் நின்றது. இரவு இரண்டு மணிக்குக் குளியலறை விளக்கு எரிவதும் அணைவதுமாக இருந்தது. எழுந்துபோய்ப் பார்த்தால், கட்டில் ஓரத்தில் அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். "வருகிற மாதிரி இருக்கிறது, வரவில்லை" என்றார். நெற்றியெல்லாம் வியர்வை. மருத்துவமனையில் குழாய் போட்டு முக்கால் லிட்டருக்கு மேல் சிறுநீர் எடுத்தார்கள். "புதிதாக ஏதாவது மாத்திரை சாப்பிட்டாரா?" என்று அந்த இளம் மருத்துவர் கேட்டார். பதில் என் சட்டைப்பையில் இருந்தது.

குளோர்ஃபெனிரமைன், டைஃபென்ஹைட்ரமின் போன்ற பழைய ஒவ்வாமை மருந்துகள் சிறுநீர்ப்பை சுருங்குவதைத் தளர்த்துகின்றன. பிராஸ்டேட் வீங்கிச் சிறுநீர்ப் பாதை ஏற்கெனவே இறுகியிருப்பவருக்கு அதற்கு மேல் வேறு இடையூறு வேண்டாம். சிலவகைக் கண் அழுத்த நோய்க்கும் இவை ஆகாது. வயதானவர்களைத் தள்ளாடி விழவும் வைக்கும். சூடோஎஃபெட்ரின் போன்ற அடைப்பு நீக்கிகள் ரத்த அழுத்தத்தை ஏற்றக்கூடும். அவருடைய மாத்திரைகள் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துப்போய், மருத்துவரிடம் காட்டிக் கேளுங்கள்.

கேள்வி: மூன்று வயதுப் பிள்ளைக்குப் பெரியவர்கள் சிரப்பில் பாதி அளவு கொடுத்தால் போதும்தானே?

பதில்: பிள்ளை பாதிப் பெரியவர் அல்ல. இரண்டு வயதுக்குள் இந்தக் கூட்டு மருந்துகள் கூடவே கூடாது. நான்கு வயதுக்குள் கொடுக்க வேண்டாம் என்று பல தயாரிப்புகளின் உறையிலேயே அச்சிட்டிருக்கிறார்கள். அந்த வயதில் மூச்சு மந்தமாவது, இதயத் துடிப்பு எகிறுவது போன்ற ஆபத்துகள் உண்டு. பலன் என்று காட்டக் கையில் ஒன்றும் இல்லை. மூக்குக்கு உப்புநீர்ச் சொட்டு, குடிக்க நிறைய நீர் ஆகாரம், ஒரு வயது தாண்டியிருந்தால் இரவு இருமலுக்குக் கொஞ்சம் தேன். ஒரு வயதுக்குள் தேன் கூடாது. மூச்சு வாங்கினாலோ, விலா உள்ளே இழுத்தாலோ, குடிக்க மறுத்தாலோ உடனே மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.

மருத்துவர் ஏதாவது சிரப் எழுதித் தந்தால் சமையலறைக் கரண்டியால் அளக்காதீர்கள். கரண்டிக்குக் கரண்டி அளவு மாறும். ஊசியில்லாத சிரிஞ்சில் மில்லிக் கோடு பார்த்து எடுங்கள்.

கேள்வி: மனச்சோர்வுக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். வறட்டு இருமலுக்குச் சிரப் குடிக்கலாமா?

பதில்: சிரப்பில் டெக்ஸ்ட்ரோமெத்தார்ஃபன் என்ற இருமல் அடக்கி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். மனச்சோர்வு மருந்துகள் பலவற்றோடு அது சேர்ந்தால் செரட்டோனின் என்ற மூளை வேதிப்பொருள் அளவுக்கு மீறி, நடுக்கம், வியர்வை, படபடப்பு, குழப்பம் வரக்கூடும். நீங்கள் சாப்பிடுவது மனச்சோர்வு மருந்துகளில் எம்.ஏ.ஓ. தடுப்பான் என்ற பழைய வகை என்றால் அறவே கூடாது. மற்றவற்றுக்கு உங்கள் மருத்துவரைக் கேட்டுவிட்டு.

கேள்வி: இரவில் கொஞ்சம் குடிப்பேன். அதன்மேல் சளி மாத்திரை?

பதில்: வேண்டாம். குளோர்ஃபெனிரமைன் தரும் தூக்கக் கலக்கம் மறுநாள் காலை வண்டி ஓட்டும்போதும் மிச்சம் இருக்கலாம்.

கேள்வி: ஐந்து வாரமாக வறட்டு இருமல். நான்கு சிரப் மாற்றிவிட்டேன் (பெயர்களைத் தனியே எழுதியிருக்கிறேன்). பிரஷருக்கு மட்டும் மாத்திரை எடுக்கிறேன், மற்றபடி ஆரோக்கியமாக இருக்கிறேன். ஐந்தாவதாக எந்தச் சிரப் நல்லது?

பதில்: ஐந்தாவது வேண்டாம். நீங்கள் எழுதிய நான்கில் ஒன்று இருமலை அடக்குகிறது, இன்னொன்று கோழையை இளக்கி இருமி வெளியேற்றச் சொல்கிறது. இரண்டையும் ஒரே நாளில் குடித்ததாக வேறு எழுதியிருக்கிறீர்கள். பாவம், உங்கள் நெஞ்சு யார் பேச்சைக் கேட்கும்? சளியோடு வந்த இருமல் பெரும்பாலும் மூன்று வாரத்தில் அடங்கிவிடும். அதையும் தாண்டினால் மருத்துவர் நெஞ்சைப் பார்த்தாக வேண்டும், எக்ஸ்ரேயும் தேவைப்படலாம். ரத்தம் வந்தாலோ எடை குறைந்தாலோ இன்றைக்கே போங்கள்.

போவதற்கு முன் ஒரு வேலை. எனாலபிரில், ராமிபிரில் வகை பிரஷர் மாத்திரைகளே சிலருக்கு வறட்டு இருமலைக் கொண்டுவரும். நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், மருத்துவர் மாற்றித் தருவார். நான்கு சிரப்பின் பெயரையும் எழுத்துப் பிசகாமல் எழுதிய நீங்கள், தினமும் விழுங்கும் அந்த மாத்திரையின் பெயரை எழுதவில்லை. அட்டையைத் திருப்பிப் பார்த்து எழுதி அனுப்புங்கள்.