நாஜிப் படத்தில் நடித்த வொல்ஃப்காங் ஸ்டவுட்டேவை ஏன் முக்கியமான இயக்குநர் என்கிறார்கள்?

நடித்தது உண்மைதான். 1940-இல் வந்த யூத வெறுப்புப் படமான 'யூட் ஸூஸ்'-இல் அவருக்குச் சின்ன வேடம். ஆனால் அவரை எடைபோட அதற்குப் பின் செய்ததையும் பார்க்க வேண்டும்.

1946-இல், இடிந்துகிடந்த பெர்லினிலேயே 'கொலைகாரர்கள் நம்மிடையே இருக்கிறார்கள்' படத்தை எடுத்தார். போருக்குப் பிந்தைய முதல் ஜெர்மன் படம் அது. கதையில், போரில் அப்பாவிகளைச் சுடச் சொன்ன அதிகாரி, இப்போது மதிப்புள்ள தொழிலதிபர். ஸ்டவுட்டே முதலில் எழுதிய முடிவில் நாயகன் அவரைக் கொன்றுவிடுவான். போரில் வென்று பெர்லினின் ஒரு பகுதியை ஆண்ட, படத்துக்கு அனுமதி கொடுத்த சோவியத் தரப்பு, பழியை மக்களே தீர்க்கக் கிளம்பிவிடுவார்கள் என்று அஞ்சி அதை மாற்றச் சொன்னது.

அப்புறம் 1951-இல் கிழக்கு ஜெர்மனியில் 'டேர் உன்டர்டான்'. அதிகாரத்துக்குக் குனியும் மனிதனைப் பற்றிய இந்தப் படத்தை மேற்கு ஜெர்மனி 1957 வரை திரையிட விடவில்லை. என் பார்வையில் அவருடைய உச்சம் இதுதான். பிறகு மேற்கே போனார். 1959-இல், நாஜிக் கால நீதித்துறை ஆட்கள் பதவியில் தொடர்வதை 'அரசு வழக்கறிஞருக்கு ரோஜாக்கள்' படத்தில் சாடினார்.