விரல் மூட்டு முறிவுக்கு 26725-ஆ, 26742-ஆ?

வலது மோதிர விரலில் மிடில் பேலங்ஸ் (விரலின் நடு எலும்பு) முறிவு, மருத்துவர் கையால் இழுத்துச் சரிசெய்து ஸ்ப்ளின்ட் (அசையாமல் தாங்கும் கட்டு) போட்டிருக்கிறார், அதற்குப் பணம் கேட்கும் சிகிச்சைக் குறியீடாக நீங்கள் 26725 போட்டீர்கள், குறியீடுகளைச் சரிபார்க்கும் ஆடிட்டர் அதை 26742 என்று திருத்திப் பிழைக் கணக்கில் சேர்த்துவிட்டார், யார் சொல்வது சரி என்று கேட்டிருக்கிறீர்கள். சார்ட்டை, அதாவது நோயாளியின் மருத்துவக் குறிப்பைப் பார்க்காமல் தீர்ப்புச் சொல்லக் கூடாது என்பது எனக்கும் தெரியும். இருந்தாலும் என் மனம் ஆடிட்டர் பக்கமே சாய்கிறது. காரணம், இதே இரண்டு எண்களுக்கு நடுவில் நானும் ஒருமுறை விழுந்து எழுந்தவன்.

சிகிச்சைகளுக்கு எண் தரும் அமெரிக்கக் குறியீட்டுத் தொகுப்பான சிபிடியில் 26720 தொடங்கி 26735 வரை உள்ளவை விரலின் அடி எலும்பு, நடு எலும்பு ஆகியவற்றின் தண்டுப் பகுதி முறிவுக்கு உரியவை. 26740, 26742, 26746 ஆகிய மூன்றும் முறிவுக்கோடு மூட்டின் பரப்புக்குள் நுழைந்திருந்தால் மட்டும் உரியவை. அது விரல் உள்ளங்கையோடு சேரும் மூட்டாகவும் இருக்கலாம், விரலுக்குள்ளேயே இருக்கும் மூட்டாகவும் இருக்கலாம். எலும்பை அசைக்காமல் கட்டுவது முதலாவது, கையால் சரிசெய்வது இரண்டாவது, திறந்து சரிசெய்வது மூன்றாவது. இதில் குழப்பம் எங்கே வருகிறது என்றால், ஐசிடி எனப்படும் நோய்க் குறியீட்டில் மூட்டு என்ற பேச்சே இல்லை. எஸ்62.624ஏ என்பது வலது மோதிர விரலின் மிடில் பேலங்ஸ் முறிந்து விலகியிருக்கிறது, தோல் கிழியவில்லை, சிகிச்சை நடந்துகொண்டிருக்கிறது என்பதோடு நின்றுவிடுகிறது. தண்டு முறிந்தாலும் மூட்டுக்குள் முறிந்தாலும் அதே குறியீடுதான். ஆகவே நோய்க் குறியீட்டை முதலில் முடிவு செய்துவிட்டு அதிலிருந்து சிகிச்சைக் குறியீட்டுக்குப் போகிறவருக்கு, மூட்டு என்பது கண்ணில் படாமலே போய்விடும்.

எனக்கு நேர்ந்தது அதுதான். சார்ட்டைப் படித்துக் குறியீடு போடும் கோடிங் வேலையில் சேர்ந்து இரண்டாம் ஆண்டு. விளையாடும்போது பந்து விரல் நுனியில் மோதி, அமெரிக்க மருத்துவமனை ஒன்றின் அவசரப் பிரிவுக்கு வந்த நோயாளியின் சார்ட். தலைப்பில் ‘வலது மோதிர விரல், மிடில் பேலங்ஸ் முறிவு, குளோஸ்டு ரிடக்‌ஷன்’ (தோலைத் திறக்காமல் எலும்பைச் சரிசெய்தல்) என்று இருந்தது. எக்ஸ்ரே அறிக்கையின் முடிவுரையிலும் நடு எலும்பின் அடிப்பகுதியில் முறிவு என்பதற்கு மேல் ஒன்றுமில்லை. எந்த விரல் என்று காட்டும் எஃப்8 மாடிஃபயரோடு (குறியீட்டோடு சேர்க்கும் துணைக் குறி) 26725 போட்டு, அடுத்த சார்ட்டுக்குப் போய்விட்டேன். ஆடிட்டில் பிழை என்று திரும்பி வந்தது. 26725-இன் விளக்கத்திலேயே மிடில் பேலங்ஸ் என்று இருக்கிறதே, இதைவிட என்ன சான்று வேண்டும் என்று ஒரு பக்கத்துக்கு மறுப்பு எழுதி அனுப்பினேன். பதிலாக அதே சார்ட் வந்தது, இரண்டு வரிகளுக்கு மட்டும் மஞ்சள் பூசப்பட்டு. முதலாவது, சிகிச்சைக் குறிப்பின் நடுவில் இருந்தது: உள்ளங்கைப் பக்கம் உடைந்த துண்டு மூட்டுப் பரப்பில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு, மூட்டு சற்றே பின்னோக்கி விலகியிருக்கிறது. இரண்டாவது, கடைசி வரி: ஒரு வாரத்தில் கை அறுவை மருத்துவரைப் பார்க்க வேண்டும். அந்த இரண்டாவது வரியின் பொருள், அவசரப் பிரிவு மருத்துவர் எலும்பைச் சரிசெய்ததோடு சரி, பிந்தைய கவனிப்பு வேறொருவருடையது என்பது. அதாவது சிகிச்சை மட்டுமே இவருடையது என்று காட்டும் 54 மாடிஃபயரும் போட்டிருக்க வேண்டும். முறிவுச் சிகிச்சைக் குறியீட்டுக்குள் 90 நாள் கவனிப்பும் அடங்கும் என்பதால், நான் 54 இல்லாமல் அனுப்பிய கிளெய்ம் (காப்பீட்டிடம் பணம் கேட்கும் விண்ணப்பம்), அடுத்த மருத்துவர் பிந்தைய கவனிப்புக்கான 55 போட்டுக் கேட்கவிருந்த பணத்தையும் சேர்த்துக் கேட்டது. ஒரே சார்ட்டில் இரண்டு பிழை. மறுப்பு எழுதிய ஒரு பக்கத்தை இப்போது நினைத்தாலும் கூசுகிறது.

‘26742-ஐவிட 26725-க்குத் தொகை குறைவு, குறைத்துக் கேட்டால் யார் கேள்வி கேட்கப் போகிறார்கள்’ என்று சிலர் இங்கே எழுதக்கூடும். செய்த வேலைக்குக் குறைவாகக் கேட்பதும் தவறான கிளெய்ம்தான், மருத்துவருக்கு அது நட்டமும்கூட. ‘கோடர் முழுக் குறிப்பையும் படிக்க வேண்டியதுதானே’ என்பவர்களுக்கும் என்னிடம் மறுப்பு இல்லை. ஆனால் மணிக்கு இத்தனை சார்ட் என்று இலக்கு வைத்துவிட்டு, பழைய டெம்ப்ளேட்டில் ஒட்டிய தலைப்போடு குறிப்பையும் கொடுத்துவிட்டு, வரிக்கு வரி படிக்கவில்லை என்று கோடர் மீது மட்டும் மதிப்பெண் குறைப்பதில் எனக்கு இன்னும் வருத்தம் உண்டு.

அந்தச் சூட்டில் நான் கற்றது வேறோர் இடத்தில் உதவியது. இயந்திரத்தில் கை சிக்கி, ஆள்காட்டி விரல் மூட்டின் மேல் தோல் கிழிந்து, ஓப்பன் முறிவு என்று எழுதிய சார்ட் வந்தபோது, என்னைவிட மூத்தவர் ஒருவர் 26746 போடச் சொன்னார். மருத்துவர் செய்தது என்னவென்று பார்த்தால், புண்ணைக் கழுவி, எலும்பை வெளியிலிருந்தே கையால் பொருத்தி, தோலைத் தைத்திருந்தார். முறிவைத் திறந்து பார்த்ததாக ஒரு சொல்கூட இல்லை. முறிவு ஓப்பன் என்பதும் சிகிச்சை ஓப்பன் என்பதும் வேறு வேறு, ஒன்றை வைத்து மற்றொன்றை முடிவு செய்யக் கூடாது என்று சிபிடியின் வழிகாட்டியிலேயே இருக்கிறது. ஓப்பன் என்ற செய்தி நோய்க் குறியீட்டின் ஏழாம் எழுத்தில், ஏ-க்குப் பதிலாக பி என்று போய்ச் சேரும். சிகிச்சை 26742-ஆகவே நிற்கும். அவர் நெடுநேரம் ஒப்பவில்லை, கடைசியில் ஒப்பினார். அதைப் பெருமைக்காகச் சொல்கிறேன் என்று நினைத்தால், ஓரளவு உண்மைதான்.

உங்கள் சார்ட்டுக்கு வருகிறேன். வலது மோதிர விரல் என்றால் எஃப்8 தான்; எஃப்5 வலது கட்டைவிரல், அங்கிருந்து எண்ணி வாருங்கள். எஸ்62.624-க்குப் பதிலாக 625 விழுந்துவிட்டால் அது இடது மோதிர விரல், மாடிஃபயரோடு முரண்பட்டு டினையல் (பணம் தர மறுப்பு) வரும். மிடில் பேலங்ஸ் என்பதை மிடில் ஃபிங்கர் என்று படித்துவிடுவதும் புதியவர்களிடம் நான் அடிக்கடி பார்க்கிற பிழை. முதல் ஸ்ப்ளின்ட் முறிவுச் சிகிச்சைக்குள் அடக்கம் என்பதால் ஸ்ப்ளின்ட் போடுவதற்கான 29130-ஐத் தனியாகச் சேர்க்காதீர்கள். எக்ஸ்ரே 73140 அந்தத் தொகுப்புக்கு வெளியே. நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்லிவிடுகிறேன்: தோல் வழியாகக் கம்பி செலுத்தும் சிகிச்சைக்குத் தண்டு வரிசையில் 26727 இருக்கிறது, மூட்டு வரிசையில் அதற்கென்று ஓர் எண்ணே இல்லை. அப்படி ஒரு சார்ட் வந்தால் கிளையன்ட்டின் (நமக்குக் கோடிங் வேலை தருபவரின்) முடிவை எழுத்தில் வாங்காமல் எதுவும் போடாதீர்கள்.

குறிப்பு முழுவதிலும் மூட்டைப் பற்றி ஒன்றுமே இல்லை என்றால், ஆடிட்டர் திருத்தியதுதான் தவறு. விலகியதா இல்லையா என்று எழுதாவிட்டால் விலகியது என்று கொள்ளலாம், ஓப்பனா குளோஸ்டா என்று எழுதாவிட்டால் குளோஸ்டு என்று கொள்ளலாம் என்று ஐசிடி நமக்கு விதி தருகிறது. மூட்டுக்குள் புகுந்ததா என்பதற்கு அப்படி ஒரு விதி கிடையாது, படத்தைப் பார்த்து நாமே சொல்லும் தகுதியும் நமக்கு இல்லை. அப்போது மருத்துவருக்குக் கேள்வி அனுப்புங்கள். ‘இது மூட்டு முறிவுதானே’ என்று பதிலை வாயில் ஊட்டிவிடாமல், முறிவுக்கோடு எந்த இடத்தில் முடிகிறது என்பதைக் குறிப்பில் சேர்க்க முடியுமா என்று மட்டும் கேளுங்கள். அந்தப் பதில் வரும்வரை உங்கள் மறுப்பை அனுப்ப வேண்டாம்.