ஃபாயில் பலகை: எத்தனை சென்டிமீட்டர்?

கச்சான் காற்று, அதாவது தென்மேற்குப் பருவக்காற்று, இன்னும் சரியாக எழும்பவில்லை. அதற்குள் கேள்விகள் எழும்பிவிட்டன. கைட் ஃபாயில் என்பது, பட்டம் இழுக்க, அடியில் பூட்டிய இறக்கை தூக்க, நீருக்கு மேலே எழும்பி ஓடும் பலகை. அதன் அளவு பற்றி வந்தவற்றில் ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்து, மற்றவற்றுக்குத் தனித்தனியே பதில் தருகிறேன்.

கற்பிட்டிக் களப்பில் இரண்டு பருவம் சாதாரணப் பட்டப் பலகை ஓட்டியிருக்கிறேன். எடை 78 கிலோ. திருகோணமலை உப்புவெளியில் ஃபாயில் பழக ஆசை. விற்பவர் 110 செ.மீ. போதும் என்கிறார். நண்பன் 150 வாங்கு என்கிறான். யார் பக்கம் நியாயம்?

நண்பன் பக்கம். விற்பவரும் பொய் சொல்லவில்லை. பறப்பவனுக்கு ஏற்ற பலகையைச் சொல்கிறார். நீங்களோ முதல் பத்து நாளும் பறக்கப்போவதில்லை, விழப்போகிறீர்கள்.

நீருக்கடியில் இருக்கும் இறக்கை உங்களைத் தூக்கத் தொடங்கிவிட்டால், பலகை வெறும் கால் வைக்கும் தட்டுத்தான். 100 ஆனாலும் 150 ஆனாலும் சுமப்பது இறக்கையே. பலகையின் நீளமும் கனவளவும் உதவிக்கு வருவது இரண்டு தருணங்களில்: கிளம்பும்போதும், தவறி நீரைத் தொடும்போதும். கிளம்பும்போது நீங்கள் மல்லாந்து கிடக்கிறீர்கள். இறக்கையும், அதைப் பலகையோடு இணைக்கும் தண்டும் பக்கவாட்டில் சாய்ந்திருக்கின்றன. குதிகாலால் பலகையை நிமிர்த்தினால் அது மறுபக்கம் கவிழப் பார்க்கிறது. நீளமும் அகலமும் உள்ள பலகை அந்த நேரத்தில் கொஞ்சம் பொறுமை காட்டும். நீரைத் தொடும்போதும் அப்படித்தான். மேல்நோக்கி வளைந்த நீள மூக்கு தண்ணீரில் வழுக்கி மீண்டும் எழும். குட்டிப் பலகையின் மூக்கு குத்தி நிற்கும். நீங்கள் மட்டும் முன்னே போவீர்கள்.

திருகோணமலையில் இதற்கு இன்னொரு காரணமும் உண்டு. கச்சான் தரையிலிருந்து கடலுக்கு வீசுகிறது. மரங்களையும் விடுதிக் கட்டடங்களையும் தாண்டி வருவதால் கரையோரத்தில் விட்டுவிட்டு அடிக்கும். சற்று வெளியே போனால் சீராகப் பலக்கும். போகும்போது இது சுகம். திரும்பும்போதுதான் வினை: கரையை நெருங்க நெருங்கக் காற்றில் ஓட்டைகள். அங்கே வேகம் குறையும், பலகை நீரில் உட்காரும். 145 செ.மீ. பலகை உட்கார்ந்தபடியே ஊர்ந்து அடுத்த வீச்சு வரும்வரை தாக்குப்பிடிக்கும்.

ஆசையில் 95 செ.மீ. பலகை ஒன்று வாங்கிய வருடம், அது தாக்குப்பிடிக்காது என்பதை நான் பின்னேரக் கடலில் தெரிந்துகொண்டேன். காற்று விழுந்தது, பட்டமும் விழுந்தது. கரை மெதுவாகச் சிறுத்துக்கொண்டே போனது. சல்லி என்ற ஊர்ப் பக்கத்து வள்ளம் ஒன்று கண்டு ஏற்றியது. வள்ளத்திலிருந்த பெரியவர் என் பலகையைக் கையில் தூக்கிப் பார்த்துவிட்டு, “இது என்ன தம்பி, வெற்றிலைத் தட்டமா?” என்று கேட்டார். பதில் சொல்லும் நிலையில் நான் இல்லை.

ஆகவே உங்கள் எடைக்கு 140 முதல் 150 செ.மீ., அகலம் 45க்கு மேல், கனவளவு 30 லீட்டர் அளவில். பத்து முயற்சியில் ஒன்பது முறை நீரைத் தொடாமல் போய்வரும் நாளில் அதை விற்றுவிட்டு 115, 120க்கு இறங்குங்கள்.

என் எடை 52 கிலோ. எனக்கும் அதே பலகையா? அதைத் தூக்கிக்கொண்டு மணலில் நடக்கவே முடியாது போலிருக்கிறது, அண்ணா.

வேண்டாம் தங்கச்சி, 130 செ.மீ. போதும். உங்கள் எடைக்குப் பலகையைவிட முன் இறக்கையின் பரப்பே முக்கியம். முதல் கேள்வி கேட்டவருக்கு 1200 சதுர செ.மீ. அளவு பொருந்தும், அதையே உங்களுக்குப் போட்டால் எதிர்பாராத நேரத்தில் தூக்கி எறியும். 900 முதல் 1000 வரை பாருங்கள். நடக்கும்போது பலகையைக் காற்றுப் போகும் பக்கத்தில் பிடியுங்கள். மறுபக்கம் பிடித்தால் ஒரு வீச்சில் இறக்கை உங்கள் காலைத் தேடி வரும்.

வீட்டில் விங் ஃபாயில் பலகை இருக்கிறது, 110 லீட்டர். அதையே பட்டத்துக்கும் பயன்படுத்தலாமா? பழைய அலைச்சறுக்குப் பலகையும் ஒன்று கிடக்கிறது.

விங் என்பது பட்டத்துக்குப் பதில் கையில் பிடிக்கும் காற்றுச் சிறகு. அதில் நீங்கள் பலகை மேல் ஏறி நின்றுதான் கிளம்ப வேண்டும்; ஒரு லீட்டர் ஏறத்தாழ ஒரு கிலோவைத் தாங்கும் என்ற கணக்கில் உங்கள் எடைக்கு மேல் லீட்டர் வாங்குகிறோம். பட்டமோ உங்களை நீரிலிருந்து இழுத்து எழுப்பிவிடுகிறது. அதனால்தான் இங்கே 30 லீட்டர் போதும். 110 லீட்டர் பலகையைப் பட்டத்தோடு ஓட்டலாம். ஆனால் நீரில் கிடந்தபடி அதைக் காலால் திருப்புவது கட்டுமரத்தைக் காலால் திருப்புவதுபோல. ஒரு நாள் பரீட்சைக்குச் சரி, பழகுவதற்கு அல்ல.

அலைச்சறுக்குப் பலகையை விட்டுவிடுங்கள். ஃபாயில் பலகையின் அடியில் 90 மி.மீ. இடைவெளியில் தண்டைப் பூட்ட இரண்டு தண்டவாளங்கள் பதித்து, அவற்றைச் சுற்றி உள்ளுக்குள் பலப்படுத்தியிருப்பார்கள். நெம்புகோல்போலத் தண்டு தரும் முறுக்கு முழுவதும் அந்த இடத்தில்தான் இறங்கும். அப்படிப் பலப்படுத்தாத பலகையில் நீங்களே துளை போட்டுப் பூட்டினால், நடுக்கடலில் பெயர்ந்து வரும்.

தண்டின் நீளம்? நிலாவெளியில் நெஞ்சளவு நீரில் பழகலாம் என்று நினைத்தேன்.

பழக 60 செ.மீ., பிறகு 75 முதல் 85. தண்டு நீளத்தைப்போல ஒன்றரை மடங்கு ஆழமாவது வேண்டும், 60 செ.மீ. தண்டுக்கு நெஞ்சளவு நீர் கணக்காக இருக்கும், 85க்குப் போதாது. நிலாவெளிக்கு எதிரே உள்ள புறாமலைத் தீவுப் பக்கம் பட்டத்தோடு போக வேண்டாம். 2003 முதல் அது தேசியப் பூங்கா. ஆழம் குறைந்த இடங்களில் பவளப்பாறை நீர்மட்டத்துக்கு மிக அருகில் இருக்கிறது. இறக்கை பட்டால் உங்களுக்கும் கேடு, அதற்கும் கேடு. கரைவலை இழுக்கும் நேரங்களில் வலைக்குச் சொந்தக்காரரான சம்மாட்டியிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு இறங்குங்கள். வலைக்கயிற்றில் தண்டு மாட்டினால் பாதி ஊர் கரையில் நின்று பார்க்கும்.

ஒலிம்பிக் வீரர்கள் ஓட்டும் பலகையை வாங்கினால் என்ன?

2024இல் மார்செய்யில் இந்தப் போட்டி முதன்முறையாக நடந்தபோது ஆஸ்திரியாவின் வாலன்டின் பொன்டுஸும் பிரித்தானியாவின் எல்லி ஆல்ட்ரிட்ஜும் தங்கம் வென்றார்கள். அவர்களுடையது வேகத்துக்கென்றே செய்த நீண்ட தண்டும் ஒல்லி இறக்கையும். உப்புவெளியில் அதோடு யாரைத் துரத்தப் போகிறீர்கள்?

மகனுக்கு 14 வயது, 40 கிலோ. ஆகஸ்ட் விடுமுறையில் பழக்கலாமா? எந்த அளவு வாங்குவது?

120 செ.மீ. போதும். ஆனால் முதலில் துணைப்படகு, பிறகு பலகை. ஆகஸ்ட் கச்சான் மாதம். பிள்ளை விழுந்தால் காற்று அவனைக் கரைக்குக் கொண்டுவராது, வங்காள விரிகுடாவுக்குக் கொண்டுபோகும். இயந்திரப் படகு நீரில் தயாராக நிற்காத நாளில் இறக்காதீர்கள். தலைக்கவசமும் இடிதாங்கும் மேலங்கியும் கட்டாயம், ஏனென்றால் இறக்கையின் விளிம்பு கத்திக்குச் சளைத்ததல்ல. படகு கிடைக்காவிட்டால் மழை ஓய்ந்து வாடை தணியும் பெப்ரவரி வரை பொறுங்கள். அந்தக் காற்று கரையை நோக்கி வீசும்.

கொழும்பிலிருந்து இரவு ரயிலில் கொண்டுவர எது வசதி?

120 செ.மீ.க்கு உட்பட்டது. 150 செ.மீ. பலகை முச்சக்கர வண்டியின் இருபுறமும் தலை நீட்டும். தண்டையும் இறக்கையையும் கழற்றித் தனிப் பையில் போடுங்கள். அலுமினியத் தண்டில் துருப்பிடிக்காத எஃகுத் திருகாணியை உப்புநீரோடு பூட்டியே வைத்தால் இரண்டும் ஒட்டிக்கொள்ளும். ஊருக்குக் கிளம்பும் இரவில்தான் அது தெரியவரும். ஒவ்வொரு முறை கரையேறியதும் நல்ல தண்ணீரில் கழுவி, கழற்றி, கிரீஸ் தடவி வையுங்கள்.