அப்பாச்சியும் தரவுத்தள டிரைவர்களும்: மூலநிரலிலிருந்து நிறுவுவோருக்கான கேள்வி பதில்

அப்பாச்சி வெப் சர்வரின் 2.4 வரிசையை மூலநிரலிலிருந்து தொகுத்து, அதாவது ஓடக்கூடிய நிரலாக மாற்றி, மைஎஸ்க்யூஎல், போஸ்ட்கிரெஸ் தரவுத்தளங்களோடு சர்வர் பேச உதவும் டிரைவர்களோடு நிறுவ முயன்றவர்கள் அனுப்பிய கேள்விகள் இவை. ஒரே கேள்வி பல வடிவங்களில் வந்திருந்தால் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

கேள்வி: ஒரே கட்டளையில் பொதியாகக் கிடைப்பதை எதற்காக மணிக்கணக்கில் உட்கார்ந்து தொகுக்க வேண்டும்?

பெரும்பாலோர் தொகுக்க வேண்டியதில்லை. டெபியன் லினக்ஸில் அப்பாச்சி ஒரு பொதி, முன்பே தொகுத்து வைத்தது. மைஎஸ்க்யூஎல், போஸ்ட்கிரெஸ் டிரைவர்கள் தனித்தனிப் பொதிகள். மூன்றையும் நிறுவினால் வேலை முடிந்தது. பொதியில் இல்லாத பதிப்பு வேண்டும், தரவுத்தளத்தையே நீங்கள் தனியிடத்தில் தொகுத்து வைத்திருக்கிறீர்கள், அல்லது உள்ளே என்ன நடக்கிறது என்று ஒரு முறையாவது பார்க்க ஆசை. இந்த மூன்றில் ஒன்று உங்களுக்குப் பொருந்தினால் மேலே படியுங்கள்.

கேள்வி: ஐயா, நான் மூன்றாமாண்டு மாணவன். தொகுக்கும் முன் தேவைகளைச் சொல்லும் கான்ஃபிகர் கட்டளையில் 'வித்-மைஎஸ்க்யூஎல்' என்று கொடுத்தேன். தொகுக்கும் மேக், நிறுவும் மேக் இன்ஸ்டால் இரண்டும் பிழையின்றி முடிந்தன. ஆனால் சர்வரைத் தொடங்கினால் டிரைவர் கோப்பை ஏற்ற முடியவில்லை என்று பிழைப் பதிவில் வருகிறது.

தம்பி, எனக்கு வந்தவற்றில் பாதி உங்கள் கேள்விதான். மைஎஸ்க்யூஎல் டிரைவர் அப்பாச்சிக்குள் இல்லை. அப்பாச்சிக்குக் கீழே ஏபிஆர் என்ற நூலகம் இருக்கிறது. அதன் துணை நூலகம் ஏபிஆர்-யூட்டில். டிரைவர் குடியிருப்பது அங்கே. அப்பாச்சியின் 'மாட்_டிபிடி' கூறு அந்த டிரைவரைக் கூப்பிட்டு வேலை வாங்குகிறது, அவ்வளவுதான்.

உங்கள் கணினியில் ஏற்கெனவே ஒரு ஏபிஆர்-யூட்டில் பொதியாக இருந்திருக்கும். கான்ஃபிகர் அதையே எடுத்துக்கொண்டது. தொகுத்து முடித்து வைத்திருக்கும் நூலகத்திடம் போய் மைஎஸ்க்யூஎல்லைச் சேர் என்றால் அது எப்படிக் கேட்கும்? நீங்கள் கொடுத்த சொல் காற்றில் போய்விட்டது.

செய்ய வேண்டியது இது. ஏபிஆர், ஏபிஆர்-யூட்டில் இரண்டின் மூலநிரலையும் இறக்கி, அப்பாச்சி மூலநிரலில் உள்ள 'எஸ்ஆர்சிலிப்' அடைவுக்குள் வையுங்கள். அடைவுகளின் பெயரில் பதிப்பு எண் இருக்கக் கூடாது. 'ஏபிஆர்', 'ஏபிஆர்-யூட்டில்' என்று மட்டும் இருக்க வேண்டும். பிறகு 'வித்-இன்க்ளூடட்-ஏபிஆர்' என்பதையும் சேர்த்துக் கான்ஃபிகரை ஓட்டுங்கள். இப்போது நீங்கள் கொடுக்கும் 'வித்-மைஎஸ்க்யூஎல்' உள்ளே இருக்கும் ஏபிஆர்-யூட்டில் வரை போய்ச் சேரும்.

நிறுவிய பின் உடனே சர்வரைத் தொடங்காதீர்கள். நிறுவிய இடத்தில் 'லிப்' அடைவுக்குள் 'ஏபிஆர்-யூட்டில்-1' என்று ஓர் அடைவு இருக்கும். அதில் மைஎஸ்க்யூஎல் பெயரோடு ஒரு '.எஸ்ஓ' கோப்பு, அதாவது டிரைவர் கோப்பு, இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் சர்வரைக் குறை சொல்லிப் பயனில்லை. ஏபிஆர்-யூட்டில் அடைவில் உள்ள 'கான்ஃபிக்.லாக்' கோப்பைத் திறந்து மைஎஸ்க்யூஎல் என்று தேடுங்கள். பெரும்பாலும் தரவுத்தளத்தின் 'டெவ்' பொதி, அதாவது தொகுக்கும்போது தேவைப்படும் தலைப்புக் கோப்புகள் ('.எச்' கோப்புகள்) உள்ள பொதி, நிறுவப்படாமல் இருக்கும்.

கேள்வி: 'எக்ஸ்பாட்.எச்' கோப்பு இல்லை என்று மேக் பாதியில் நிற்கிறது. போன சர்வரில் இப்படி நடக்கவில்லையே?

போன சர்வரில் பழைய ஏபிஆர்-யூட்டில் போட்டிருப்பீர்கள். எக்ஸ்எம்எல் படிக்க உதவும் எக்ஸ்பாட் நூலகத்தை அது தன்னோடு சுமந்து வந்தது. 1.6 பதிப்பிலிருந்து அந்தச் சுமையை இறக்கி வைத்துவிட்டார்கள். எக்ஸ்பாட்டின் டெவ் பொதியை நிறுவிவிட்டு, கான்ஃபிகரிலிருந்து மறுபடி தொடங்குங்கள்.

கேள்வி: 'மை_பூல்' என்ற வகை தெரியாது என்று தொகுப்பி சொல்கிறது. மைஎஸ்க்யூஎல் 8 வைத்திருக்கிறேன்.

8.0.1 பதிப்பில் மைஎஸ்க்யூஎல் அந்த வகையையே நீக்கிவிட்டது. பழைய ஏபிஆர்-யூட்டில் இன்னமும் அதைத் தேடுகிறது. புதிய ஏபிஆர்-யூட்டிலை எடுங்கள். இணையத்தில் யாரோ போட்ட ஒட்டு வேலையைத் தலைப்புக் கோப்பில் செய்யாதீர்கள். ஆறு மாதம் கழித்து அது உங்களுக்கே நினைவிருக்காது.

கேள்வி: போஸ்ட்கிரெஸ் டிரைவர் கோப்பு சரியான இடத்தில் இருக்கிறது. ஆனாலும் ஏற்ற முடியவில்லை என்கிறது. சர்வர் நிரலை, அதற்கு வேண்டிய நூலகங்களைப் பட்டியலிடும் 'எல்டிடி' கட்டளையால் பார்த்தால் எல்லா நூலகங்களும் கிடைக்கின்றன.

தவறான கோப்பைப் பார்த்திருக்கிறீர்கள். டிரைவர் ஓடும்போதுதான் ஏற்றப்படுகிறது. ஆகவே சர்வர் நிரலின் பட்டியலில் அதன் தேவைகள் தெரியாது. எல்டிடி கட்டளையை அந்த டிரைவர் கோப்பின் மீதே ஓட்டுங்கள். 'லிப்பிக்யூ.எஸ்ஓ.5' என்ற போஸ்ட்கிரெஸ் நூலகத்தின் வரிக்கு எதிரே 'கிடைக்கவில்லை' என்று இருக்கும். போஸ்ட்கிரெஸைத் தனியிடத்தில் தொகுத்தவர்களுக்கு இது வழக்கமாக வருவது. அதன் 'லிப்' அடைவின் பாதையை 'எல்டி.எஸ்ஓ.கான்ஃப்.டி' அடைவில் ஒரு கோப்பாக எழுதி, ரூட்டாக, அதாவது நிர்வாகியாக, நூலகப் பட்டியலைப் புதுப்பிக்கும் 'எல்டிகான்ஃபிக்' கட்டளையை ஓட்டுங்கள்.

கேள்வி: பயனர் உள்நுழைவைத் தரவுத்தளத்தில் சரிபார்க்கிறோம். பகலெல்லாம் நன்றாக ஓடுகிறது. கூட்டம் கூடும் நேரத்தில் மட்டும் 'இணைப்புகள் அதிகம்' என்று மைஎஸ்க்யூஎல் கையை விரிக்கிறது. எந்த அமைப்பையும் நாங்கள் மாற்றவில்லை.

மாற்றாததுதான் காரணம். பேனாவை எடுங்கள், கணக்குப் போடுவோம்.

டிரைவர் இணைப்புகளை ஒரு தொட்டியில் சேர்த்து வைக்கிறது. தொட்டியின் உச்ச அளவு 'டிபிடிமேக்ஸ்', இயல்பாக 10. சர்வர் முழுவதற்கும் ஒரே தொட்டி என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அது, கோரிக்கைகளைக் கவனிக்கச் சர்வர் பிறப்பிக்கும் ஒவ்வொரு பிள்ளைச் செயல்முறைக்கும் ஒன்று. பிள்ளைகளை நிர்வகிக்கும் முறைகளில் ஒன்றான 'ஈவென்ட்' முறையில் இயல்பாக 16 பிள்ளைகள் வரை பிறக்கலாம். 16 பெருக்கல் 10, ஆக 160. மைஎஸ்க்யூஎல் இயல்பாக அனுமதிப்பது 151. கூட்டம் இல்லாத வரை பிள்ளைகள் குறைவு, அதனால் குட்டு வெளிப்படாது.

நானும் இதில் ஓர் இரவு முழுவதும் விழித்திருக்கிறேன். நெட்வொர்க்கைச் சந்தேகித்து, கேபிளைக்கூட மாற்றிப் பார்த்தோம். விடியும் நேரத்தில் உடன் இருந்தவர் காகிதத்தில் பெருக்கிக் காட்டினார்.

டிபிடிமேக்ஸை 5 ஆக்குங்கள், 80-க்குள் நிற்கும். இயல்பான உச்சம் 100 என்று இருக்கும் போஸ்ட்கிரெஸுக்கும் இது போதும். இன்னும் பழைய 'ப்ரிஃபோர்க்' முறையில் இருந்தால் பிள்ளைக்கு ஓர் இணைப்புதான், ஆனால் பிள்ளைகள் 256 வரை போகலாம். அங்கே குறைக்க வேண்டியது பிள்ளைகளின் எண்ணிக்கையை. ஒரே சர்வரில் ஓடும் மெய்நிகர் தளங்களுக்குத் தனித்தனியே தரவுத்தள அமைப்பு எழுதியிருந்தால், தளத்துக்கு ஒரு தொட்டி என்று மறுபடி பெருக்கிக்கொள்ளுங்கள்.

கேள்வி: எங்கள் தளம் பிஎச்பியில் இருக்கிறது. அதற்கும் இந்த டிரைவர்கள் வேண்டுமா?

வேண்டாம். பிஎச்பி தன் டிரைவர்களைத் தானே வைத்திருக்கிறது. அப்பாச்சியினுடையதை அது தொடுவதே இல்லை.

கேள்வி: புதிய பதிப்பு வரும்போது எல்லாவற்றையும் மறுபடி செய்ய வேண்டுமா? முதல் முறை என்னென்ன கொடுத்தேன் என்பதே மறந்துவிட்டது.

நீங்கள் மறந்தாலும் கான்ஃபிகர் மறக்கவில்லை. நிறுவிய இடத்தில் 'பில்டு' அடைவுக்குள் 'கான்ஃபிக்.நைஸ்' என்ற கோப்பில் நீங்கள் கொடுத்த அத்தனையும் எழுதியிருக்கும். அதைப் புதிய மூலநிரல் அடைவுக்கு நகலெடுத்து, கான்ஃபிகருக்குப் பதிலாக அதையே ஓட்டுங்கள். மேக் இன்ஸ்டால் உங்கள் பழைய அமைப்புக் கோப்புகளை அழிக்காது.

ஆனால் தள்ளிப்போடாதீர்கள். 2021 செப்டம்பரில் வந்த 2.4.49-இல் அடைவுகளைத் தாண்டிக் கோப்புகளைப் படிக்கவிடும் ஓட்டை இருந்தது. அக்டோபர் 4 அன்று 2.4.50 வந்தது, அதுவும் ஓட்டையை முழுதாக அடைக்கவில்லை. அக்டோபர் 7 அன்று 2.4.51. மூலநிரலிலிருந்து நிறுவியவர்கள் ஒரே வாரத்தில் இரண்டு முறை தொகுத்தோம், அறிவிப்பை நாங்களே தேடிப் படித்து. ஏபிஆர் அடைவுகள் இரண்டையும் புதிய எஸ்ஆர்சிலிப்புக்குள் மறுபடி வைக்க மறந்துவிடாதீர்கள். மறந்தால் கான்ஃபிகர் கணினியில் உள்ள பொதியைச் சத்தமில்லாமல் எடுத்துக்கொள்ளாமல் அங்கேயே நின்றுவிடும், கான்ஃபிக்.நைஸ் வழியாக ஓட்டுவதில் எனக்குப் பிடித்ததே அதுதான்.